மூன்று சுருள், ஒரே தகரம்

7

காலை ஒன்பது மணிக்கு யோகராசா முதலாளியின் கந்தோரில் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. இந்த வழக்கு எங்கே திரும்பியது என்று பிற்பாடு பலர் பலவிதமாகக் கதைத்தார்கள். இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் என்றார்கள், பாரந்தூக்கியில் என்றார்கள். அது தேத்தண்ணியில்தான் திரும்பியது. அந்த அறையில் வேறு யாருக்கும் பசிக்கவில்லை, அதனால் கவனிக்கவில்லை.

"தேத்தண்ணி இல்லையோ முதலாளி?" என்றேன்.

"தேத்தண்ணி காய்ச்சுற கிடாரம் ஓட்டை. போன மாசம் புதுசா வாங்கின அலுமினியக் கிடாரம். கடைக்காரன் ஏமாத்திப்போட்டான். இப்ப உமக்குத் தேத்தண்ணியோ முக்கியம்? அங்க ஒருத்தன்ட கால் போய்க் கிடக்கு."

"கால் போனதுக்கு நானும் கவலைப்படுறன் முதலாளி. வெறும் வயித்தில கவலைப்பட்டா எனக்குத் தலையிடிக்கும், அவ்வளவுதான்."

இராசையா ஐயா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடினேன். ஐயா, பிரிட்டிஷ் கடற்படை இங்கே இருந்த காலத்தில் டொக்யார்ட்டின் கயிற்றுக் களஞ்சியத்தைக் கட்டியாண்டவர். வெள்ளைக்காரன் கப்பலேறியபோது கயிறுகளை எல்லாம் கொண்டுபோனான். ஐயாவையும் திருகோணமலைக் காகங்களையும் மட்டும் விட்டுவிட்டுப் போனான். காகங்கள் இன்றைக்கும் இங்கிலீசில்தான் ஏசுகின்றன. ஐயா துப்பறியத் தொடங்கினார். நான் அபூதாஹிர், அவருடைய உதவியாள். பை தூக்குவது, நாய் விரட்டுவது, பசிப்பது ஆகியவை என் பொறுப்பு.

விஷயம் இதுதான். நாலு நாளைக்கு முன் யோகராசாவின் இறங்குதுறையில் பத்துச் சீமெந்து மூட்டையைத் தூக்கிய கயிறு அந்தரத்தில் அறுந்தது. கீழே நின்ற கதிரவேலின் வலது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அறுந்தது, அக்கரையிலுள்ள கிண்ணியா ஊர் றுக்கியாவின் கயிறு. தேங்காய்த் தும்பைக் கோஸ்டிக் சோடாவில் ஊறவைத்துத் திரிக்கிற கயிறு. மணிலாக் கயிறு இறக்குமதி நின்ற பிறகு துறைமுகம் முழுக்க அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது துறைமுகம் முழுக்க றுக்கியாவைத் தொங்கவிட நின்றது. ஐயா அறிக்கை எழுதவேண்டும். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கொண்டு அவளைப் பொலிசுக்குக் கொண்டுபோவார்.

யோகராசா ஒரு வெள்ளைத் தாளை மேசையில் தள்ளினார்.

"மருந்து போட்ட கயிறு உக்கிப்போச்சு எண்டு எழுதுங்கோ. ரெண்டு வரி காணும்."

"கயிற்றைக் காட்டுங்கோ" என்றார் ஐயா.

அறுந்த துண்டு ஒரு பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில், தீர்ந்துபோன பழைய சுருள் ஒன்றின் தகரத் துண்டு. அதில் றுக்கியாவின் பெயர் ஆணியால் குத்தியிருந்தது. அவளுடைய ஒவ்வொரு சுருளிலும் அப்படி ஒரு தகரம் தொங்கும்.

"பிரிச்சுப் பாரும்" என்று ஐயா ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

நான் புரிகளை உள்ளே வரைக்கும் பிரித்தேன். வெளிப்பக்கம் சாதாரணமாக இருந்தது. உள்ளே போகப்போகச் சவர்க்காரம் பிடித்த மாதிரி விரல் வழுக்கியது. நார் தூளாகக் கொட்டியது. கையை லேஞ்சியில் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

"ஐயா, இந்தக் கயிறு எனக்குப் பசியெடுக்க வைக்குது. அச்சாறு வாசம் அடிக்குது."

"உமக்குச் சுவரைப் பார்த்தாலும் பசிக்கும்."

அப்படிச் சொல்லிக்கொண்டே ஐயா என் லேஞ்சியைப் பறித்தார். முதல்நாள் இரவு இடியப்பம் தின்றபோது அதில் சொதி சிந்தியிருந்தது. அந்த மஞ்சள் கறையில் நான் விரல் துடைத்த இடம் மட்டும் வெற்றிலை துப்பிய மாதிரிச் சிவந்து கிடந்தது.

"இது ரத்தமில்லை ஐயா. நான் அவ்வளவு பாடுபட்டு வேலை செய்யிறதில்லை."

"மஞ்சளில சுண்ணாம்பு பட்டா ஆலத்தித் தண்ணி சிவக்குதெல்லோ? அந்த வேலையைக் கோஸ்டிக் சோடாவும் செய்யும்."

யோகராசா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பாத்தீங்களோ! மருந்து இன்னும் கயித்துக்க இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? எழுதுங்கோ!"

ஐயா எழுதவில்லை. லேஞ்சியை ஈரமாக்கி, மிச்சமிருந்த கறையைக் கயிற்றின் வெளிப்பக்கத்தில் ஒற்றினார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. லேஞ்சியை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் அதற்குப் பிறகு அதைக் காணவில்லை.

"இந்தத் துண்டை ஒருக்கா வெளியில கொண்டு போகலாமோ?"

"ஏலாது. சாட்சிப் பொருள்."

"இது எந்தச் சுருளில வெட்டினது?"

"ஆருக்குத் தெரியும்? கொட்டிலுக்க அவள்ட சுருள் மூண்டு கிடக்கு. மூண்டிலயும் அப்பப்ப வெட்டி எடுக்கிறவங்கள். அண்டைக்கே துறைமுகக் கந்தோரால வந்து கொட்டிலுக்கு அரக்கு முத்திரை வச்சுப்போட்டாங்கள். நான்கூட உள்ளுக்க போக ஏலாது."

"நல்லது" என்றார் ஐயா. "மூண்டு மணிக்கு இன்ஸ்பெக்டரைக் கொண்டு திறப்பிப்பம். எல்லாருக்கும் முன்னால தூக்கிப் பாப்பம். அதுக்குப் பிறகு எழுதுறன்."

யோகராசாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வாசலில் நின்ற தொழிலாளர் அதைக் கேட்டுவிட்டார்கள். "ஓம், எல்லாருக்கும் முன்னால!" என்று சத்தம் வந்தது. அது ஐயாவுக்கு ஆதரவான சத்தம் இல்லை.

வெளியே வந்தபோது வழியை மறித்துக்கொண்டு சீதேவி நின்றாள். கதிரவேலின் மனுசி. அவளுடைய வலது கையில் தேங்காயளவு கல் ஒன்று.

"எழுதியாச்சோ?"

"இன்னும் இல்லை, தங்கச்சி."

"எழுதினாலும் சரி, எழுதாட்டியும் சரி. அவள் ஜீப்பில ஏற முதல் இந்தக் கல்லு அவளில படவேணும். நாலு நாளாத் தூக்கிக்கொண்டு திரியிறன்."

"அக்கா, பாரமா இருந்தா நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கிறன்" என்றேன்.

கல்லின் விலாசத்தை மாற்றலாமா என்று யோசிக்கிறவள் போல அவள் என்னைப் பார்த்தாள். நான் ஐயாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கிண்ணியாவுக்குப் போவதற்குப் பாதையில் ஏறவேண்டும். ஆட்களையும் சைக்கிளையும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். காயாக ஏற்றிய மாம்பழம் அக்கரையில் பழமாக இறங்கும், அவ்வளவு வேகம். அதை ஓட்டும் ஆதம்பாவா எங்களைக் கண்டதும் கயிற்றை அவிழ்க்காமல் நின்றார்.

"யோகராசாட ஆக்களோ?"

"ஒருத்தற்ற ஆக்களும் இல்லை" என்றார் ஐயா.

"முந்தநாள் உங்கட துறைமுகத்தில இருந்து பன்னிரண்டு பேர் இதே பாதையில வந்தானுகள். றுக்கியாட கூரைக்குக் கல்லெறிஞ்சிட்டு இதே பாதையில போனானுகள். ஏத்தினதுக்கு எனக்கு இஞ்ச ஒருத்தனும் சலாம் சொல்றானில்ல. உங்கள ஏத்துறன். திரும்பி வரக்குள்ள இடமிருக்குமோ தெரியாது."

"இடமில்லாட்டி நாங்கள் நீந்துவம்" என்றேன். "எனக்கு நீந்தத் தெரியாது. ஆனா ஐயாவில பிடிச்சுக்கொள்ளுவன்."

ஆதம்பாவா சிரிக்கவில்லை. ஐயாவும் சிரிக்கவில்லை.

றுக்கியாவின் வளவில் ஓடுகள் உடைந்து கிடந்தன. திரிக்கிற பெண்கள் எட்டுப் பேர் வேலையில்லாமல் நிழலில் குந்தியிருந்தார்கள். றுக்கியாவுக்கு நாற்பது வயதிருக்கும். சவர்க்காரம் காய்ச்சிய குடும்பத்துப் பெண், விதவை. சீமெந்துத் தொட்டி ஒன்றுக்குப் பக்கத்தில், நீளப் பிடி போட்ட சிரட்டையில் எதையோ அள்ளி ஓங்கிக்கொண்டு நின்றாள்.

"கிட்ட வந்தா ஊத்துவன்."

"என்ன அது?" என்று கேட்டேன்.

"கோஸ்டிக்."

"அப்ப இஞ்சயே நிண்டு கதைப்பம்."

ஐயா இருந்த இடத்தில் நின்றே கேட்டார்: "பிள்ளை, நீங்கள் ஊறவைக்கிறது தும்பையோ, திரிச்ச கயிற்றையோ?"

அவள் சிரட்டையைத் தாழ்த்தினாள். நாலு நாளாக ஒருவரும் அவளிடம் கேள்வி கேட்கவில்லை, ஏச்சு மட்டும்தான். வேலையைப் பற்றிக் கேட்டால் கோபக்காரரும் பதில் சொல்வார்கள்.

"தும்பை. திரிச்ச பொறகு ஊறவச்சா மருந்து நடுவுக்குள்ள போய்க் குந்திக்கும், கழுவ ஏலாது. இருவது வாளித் தண்ணிக்கு ஒரு வாளி மருந்துத் தூள். விடியச் சுபஹு தொழுதுட்டுப் போட்டா பகல் லுஹருக்கு முந்தி எடுத்திருவன். பொறகு புளித்தண்ணி. பொறகு நல்ல தண்ணி, மூணு தரம்."

"கூடப் போட்டா?"

அவள் ஒரு கணக்குக் கொப்பியை எடுத்துவந்து எறிந்தாள். ஐயா பிடித்தார். ஒவ்வொரு தொட்டியிலும் எடுத்த தும்பில் ஒரு முழம் திரித்து, மரக்கொப்பில் கட்டி, நுனியில் வாளி தொங்கவிட்டு, அறும்வரை மண் போடுவாளாம். எத்தனை சிரட்டை மண்ணுக்கு அறுந்தது என்று எழுதியிருந்தது. ஊறாத தும்பு, முப்பத்தொரு சிரட்டை. இருபதுக்கு ஒன்று போட்டது, நாற்பத்தேழு. பத்துக்கு ஒன்று, இருபத்தாறு. ஐந்துக்கு ஒன்று என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக 'வாளிப் பாரத்துக்கே போச்சு' என்று எழுதியிருந்தது.

"மருந்து கூடினா பெலம் கூடும் எண்டு ஆம்பிளைகள்தான் நினைப்பானுகள்" என்றாள் றுக்கியா.

தொட்டிக்கு மேலே சுவரில் ஓர் அலுமினியக் கரண்டியின் பிடி மட்டும் ஆணியில் தொங்கியது. கரண்டி இல்லை.

"மிச்சம் எங்க?" என்றேன்.

"தண்ணிக்குள்ள. புதுசா வந்த புள்ள ஒண்டு அதால கலக்கிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட்டு. கோஸ்டிக் அலுமினியத்தத் தின்னும். மத்தப் புள்ளைகளுக்குப் பாடமா இருக்கட்டும் எண்டு தொங்கவிட்டன்."

ஐயா அந்தப் பிடியைக் கழற்றிப் பார்த்தார். "இதை ஒரு நாளைக்குத் தருவீங்களோ?"

"கொண்டு போங்க. என்னையும் கொண்டு போகத்தானே வந்தீங்க. அதுக்கு முந்தி தின்னுங்க. வீட்டுக்கு வந்தவனப் பட்டினியா அனுப்பினா என்ட வாப்பா கபுறுக்குழிக்குள்ள திரும்பிப் படுப்பார். தின்னுட்டு மாட்டுங்க என்னை."

என் வாழ்நாளில் இவ்வளவு வெறுப்போடு யாரும் எனக்குச் சோறு போட்டதில்லை. இவ்வளவு நல்ல சோறும் போட்டதில்லை. மீன் சொதியில் நான் கை வைக்கும்போது ஐயா பக்கத்தில் கிடந்த றுக்கியாவின் புதுக் கயிற்றை எடுத்தார், நடுப்புரி வரை பிரித்தார், நனைத்தார், என் சொதிக்குள் முக்கினார்.

"ஐயா!"

"பொறும்."

சொதி சிவக்கவில்லை. மஞ்சளாகவே இருந்தது. தும்பு மட்டும் மிதந்தது. நான் தும்பை ஒதுக்கிவிட்டுத் தின்றேன். பிறகு அச்சாற்றைத் தொட்டுக்கொண்டு சொன்னேன்:

"இது கடை அச்சாறு மாதிரி இல்ல ராத்தா. புளிப்பு வேற."

"தேசிக்காய்ப் புளி விட்டுப் போட்டது. கடைக்காரன் ஊத்துற வினாகிரி தென்னங்கள்ளுல செய்யிறது. எங்கட வளவுக்குள்ள வராது. எங்கட வாப்பா ஒரு போத்தலத் தெருவிலயே வச்சு உடைச்சவர்."

எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். ஆனால் என் மூக்கு துறைமுகத்துக் கடைகளில் வளர்ந்தது.

ஐயாவின் கையிலிருந்த சோற்றுருண்டை பாதி வழியில் நின்றது. "தும்பு கழுவிற புளித்தண்ணி?"

"பழப்புளி. வேற என்ன? கள்ளு பட்ட கையால நான் தொழவா?"

ஐயா உருண்டையை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, கையைக் கழுவினார். "பிள்ளை, மூண்டு மணிக்கு முதல் நீங்களே துறைமுகத்துக்கு வாருங்கோ. ஜீப் வந்து கூட்டிப்போகக் கூடாது. நீங்களா வந்து நிக்கவேணும்."

"வந்தா கல்லெறிவானுகள்."

"ஓம், எறிவினம்" என்றார் ஐயா. அவர் பொய் சொல்லிப் பழகாதவர். துப்பறிகிறவருக்கு அது ஒரு குறைதான்.

அவள் எட்டுப் பெண்களையும் பார்த்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

திரும்பும்போது பாதையில் எங்களைச் சுற்றி ஒருவரும் நிற்கவில்லை. றுக்கியா முன்கோடியில் போய் நின்றாள், எங்களோடு ஆடுகள் மட்டும் நின்றன.

"அப்ப மூண்டு சுருளில ஒண்டு பொய்" என்றேன் மெதுவாக. "ஆரோ கடையில வாங்கின வெறுங்கயிற்றைக் கோஸ்டிக்கில அமுக்கி, வெளியில வினாகிரி ஊத்தித் துடைச்சு, பழைய தகரம் ஒண்டையும் கட்டியிருக்கினம்."

"ஓம். புளிப்பு எண்டு மட்டும் எங்கயோ கேள்விப்பட்டிருக்கிறான், என்ன புளிப்பு எண்டு தெரியாது. மூண்டும் பார்வைக்கு ஒண்டுதான். செய்தவனுக்கு மட்டும் எது எண்டு தெரியும்."

"மோந்து பாத்து எனக்கும் தெரியும்."

"கயிற்றை உம்மட மூக்குக் கண்டுபிடிக்கும், சரி. ஆளை எது காட்டும்?"

"கைரேகையோ?"

"கால்" என்றார் ஐயா.

மூன்று மணிக்கு இறங்குதுறையில் இருநூறு பேர் நின்றார்கள். றுக்கியா இறங்கியதும் சத்தம் எழும்பியது. நான் கேட்ட சொற்களை எழுதினால் இந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்க முடியாது. இன்ஸ்பெக்டர் நடுவே வந்து நின்றதால் கைகள் மட்டும் எழும்பவில்லை. சீதேவி முன்வரிசையில் கல்லோடு நின்றாள்.

"அடியே, என்ட மனுசன்ட காலைத் திண்டவளே! இஞ்ச வர உனக்கு வெக்கமில்லையோ?"

"என்ட கயிறு ஒருத்தன்ட காலையும் தின்னல்ல" என்றாள் றுக்கியா.

"பொறு, பொறு" என்று யோகராசா சீதேவியைத் தடுத்தார். அந்தக் குரலில் என்ன கருணை! "சட்டம் பாத்துக்கொள்ளும் தங்கச்சி. மருந்துக் கயிறு கொல்லும் எண்டு முழுத் துறைமுகத்துக்கும் தெரியும்."

இன்ஸ்பெக்டர் அரக்கை உடைத்தார். மூன்று சுருள்களும் வெளியே வந்தன. ஒரே நிறம், ஒரே பருமன், மூன்றிலும் ஒரே தகரம். ஐயா என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது போல ஒவ்வொன்றாக மோந்தேன். முதலாவது கடல். இரண்டாவது கடல். மூன்றாவதில் என் வாயூறியது. எழும்பி மூன்றாவதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"மூண்டும் தேவையில்லை, ரெண்டு காணும்" என்றார் ஐயா. என் காலடியில் கிடந்ததையும் பக்கத்தில் கிடந்ததையும் காட்டினார். "அது இடப்பக்கப் பாரந்தூக்கிக்கு, இது வலப்பக்கத்துக்கு. பத்துப் பத்து மூட்டை."

துறையில் கையால் சுற்றுகிற பாரந்தூக்கிகள் இரண்டு, இருபதடி இடைவெளியில் நின்றன. நடுவில் நாங்கள் ஐந்து பேர்: இன்ஸ்பெக்டர், ஐயா, யோகராசா, றுக்கியா, நான். ஆட்கள் சக்கரத்தைச் சுற்றினார்கள். இரண்டு பாரமும் ஒன்றாக எழும்பின. ஆளுயரம் வந்தது, இரண்டாள் உயரம் வந்ததும் சக்கரங்களைப் பூட்டினார்கள்.

இடப்பக்கக் கயிற்றில் 'கிரீ' என்று ஒரு முனகல் கேட்டது.

அந்த நேரத்தில் கூட்டம் முழுவதும் ஒரு காரியம் செய்தது. இரண்டு பாரத்துக்கும் ஒரேயளவு பயந்து, இரண்டையும் விட்டுப் பின்னால் போனது. இன்ஸ்பெக்டர் கொட்டில் பக்கமாகப் பாய்ந்தார். நான் அவருக்கு முன்னமே அங்கே போயிருந்தேன். ஐயா மெதுவாக வந்து சேர்ந்தார். இரண்டு பாரந்தூக்கியைச் சுற்றியும் வெறும் நிலம். அதில் இரண்டே இரண்டு பேர்தான் மிச்சம். இரண்டு பேரும் வலப்பக்கப் பாரத்துக்கு நேர் கீழே நின்றார்கள்.

ஒருத்தி றுக்கியா. அவள் தன் கயிற்றின் முறுக்கைப் பார்த்த பார்வையிலேயே அடையாளம் கண்டு, நடந்துபோய் அங்கே நின்றிருந்தாள்.

மற்றவர் யோகராசா.

"எல்லாரும் நிண்ட இடத்திலயே நில்லுங்கோ!" என்றார் ஐயா. அந்தக் குரல் டொக்யார்ட்டில் கற்றது. காகங்களும் நின்றன. "முதலாளி, மேல பாரும்."

காலையில் 'நீங்கள்' என்று கதைத்தவர் இப்போது 'பாரும்' என்கிறார் என்பதைக் கவனித்தேன்.

யோகராசா மேலே பார்த்தார். தலைக்கு மேல் அரைத்தொன் சீமெந்து ஆடாமல் நின்றது.

"றுக்கியாட கயிறு கொல்லும் எண்டு நாலு நாளாச் சொல்லுறீர். ரெண்டிலயும் ஒரே தகரம். இந்த இருநூறு பேரும் ரெண்டுக்கும் பயந்து ஓடினவை. நீர் மட்டும் அந்தக் கயிற்றுக்குப் பயந்து ஓடி, மற்றதுக்குக் கீழ வந்து ஒதுங்கி நிக்கிறீர். எது அறும், எது அறாது எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

யோகராசா வாயைத் திறந்தார். அவருக்குப் பதிலாக இடப்பக்கக் கயிறு பதில் சொன்னது. ஒரு வெடி, பத்து மூட்டையும் தரையில் விழுந்து சிதறின. சீமெந்து மேகம் துறைமுகத்தை மூடியது. அன்றைக்கு அதற்குள் அகப்பட்ட காகம் ஒன்று இன்றைக்கும் வெள்ளையாகத்தான் திரிகிறது. வேண்டுமானால் கடற்கரையில் போய்ப் பாருங்கள், ஆனால் அது எல்லோருக்கும் முகம் கொடுக்காது.

தூசி அடங்கியபோது வலப்பக்கப் பாரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. றுக்கியா அசையவில்லை. அவளுடைய முந்தானை மட்டும் வெளுத்திருந்தது.

"அவசரத்தில... எந்தப் பக்கம் ஓடினன் எண்டு எனக்கென்ன தெரியும்?" என்று யோகராசா இருமினார். "உள்ளுக்க மருந்து இருந்தது, நீங்களே கண்டீங்கள்!"

"உள்ளுக்க இருந்தது, வெளியில இல்லை. அவள் தும்பை ஊறவைக்கிறவள். அவள்ட கயித்தில உள்ளும் வெளியும் ஒண்டு. இது முழுக்கயிற்றை அமுக்கி, மேலால கள்ளு வினாகிரி தடவினது. அந்தப் போத்தல் அவள்ட படலை வாசலைத் தாண்டாது. அதெல்லாம் கிடக்கட்டும். நாலு மணியாகப் போகுது, என்ட உதவியாளுக்கு ஒரு தேத்தண்ணி போடச் சொல்லும்."

யோகராசாவின் முகத்தில் சீமெந்தை விட வெள்ளையாக ஏதோ பரவியது. "கிடாரம்... கிடாரம் ஓட்டை எண்டு காலமையே சொன்னனான்."

"கொண்டு வாரும் பாப்பம். அபூதாஹிர்!"

குசினிக் கொட்டிலுக்குப் பின்னால், சாக்குக்குக் கீழே கிடந்தது. தூக்கியபோது எனக்குக் கை அதிகமாக மேலே போய்விட்டது, அவ்வளவு பாரமில்லை. இரண்டு கையாலும் வெயிலுக்கு எதிரே பிடித்தேன். அடிப்பாகத்தில் ஊசி ஊசியாக வெளிச்சம் வந்தது. ஐயா றுக்கியாவின் கரண்டிப் பிடியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். றுக்கியா ஒரே வரியில் விளக்கம் சொன்னாள்:

"கோஸ்டிக் தின்ட சட்டி."

"கதை!" என்று யோகராசா கத்தினார். "மலிஞ்ச அலுமினியம். கடைக்காரன் ஏமாத்தினது. இந்தக் கிடாரத்தில ஆர் என்ன செய்தது எண்டு இவள் எப்படிச் சொல்லுவாள்? மருந்தெண்டா என்ன எண்டு எனக்குத் தெரியாது!"

அப்போது சீதேவி கையை ஓங்கினாள்.

நாலு நாளாக அந்தக் கல் யாருக்கென்று துறைமுகத்துக்கே தெரியும். றுக்கியா கண்ணை மூடிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஓரடி எடுத்து வைத்தார். கல் றுக்கியாவையும் தாண்டியது, யோகராசாவையும் தாண்டியது, நான் முகத்துக்கு நேரே பிடித்திருந்த கிடாரத்தின் அடியில் வந்து பட்டது. பட்டது என்று சொல்வதும் பிழை. ஒரு மாதப் புதுக் கிடாரம் 'டங்' என்றுகூடச் சொல்லவில்லை. கடதாசி கிழிகிற சத்தம் ஒன்று வந்தது. கல் உள்ளே போய், என்னைக் கேட்காமல் மூக்கின் நுனியை உரசிக்கொண்டு மற்றப் பக்கமாக விழுந்தது. ஓட்டை வழியாக நான் சீதேவியைப் பார்த்தேன். சீதேவி யோகராசாவைப் பார்த்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரியில என்ட மனுசன்ட காலைப் பாக்க நீ பழத்தோட வந்தது..." என்றாள்.

யோகராசா சிதறிக் கிடந்த மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆளைக் கொல்ல நினைக்கேல்லை. இவளிட்ட எத்தினை தரம் ஆள் அனுப்பினன், சொல்லித்தரமாட்டன் எண்டுபோட்டாள். நானே காச்சிப் பாப்பம் எண்டு... அஞ்சுக்கு ஒண்டு கிடாரத்தில கரைச்சு, பீப்பாயில ஊத்தி மூண்டு நாள் ஊறவிட்டன். நல்லா ஊறினா நல்ல பெலமா வரும் எண்டுதான்... என்ட கயிறெண்டா ஆரும் பாரம் கட்டமாட்டாங்கள் எண்டு அவள்ட பழைய தகரத்தைக் கட்டினன்..."

"வாளிப் பாரத்துக்கே போச்சு" என்றாள் றுக்கியா.

இன்ஸ்பெக்டர் அவரைத் தோளில் பிடித்து எழுப்பினார். ஜீப் வந்த வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது. கூட்டம் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கடலைப் பார்த்தது. முந்தநாள் கிண்ணியாவுக்குப் போன பன்னிரண்டு பேரும் மற்றவர்களை விடக் கவனமாகப் பார்த்தார்கள்.

சீதேவி வெறுங்கையோடு றுக்கியாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அந்தக் கை இன்னும் கல்லைப் பிடித்த வடிவத்திலேயே வளைந்திருந்தது.

"உன்னட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு இண்டைக்கு ஏலாது" என்றாள்.

"கேக்காத. கேட்டாலும் இண்டைக்கு நான் தரமாட்டன்." றுக்கியா முந்தானையை உதறினாள். சீமெந்து பறந்தது. "அவருக்குக் கம்பு ஊண்டி நடக்கிற காலம் வரக்குள்ள ஆள் அனுப்பு. கக்கத்தில வைக்கத் தும்பு மெத்தை தைச்சுத் தாறன். இருபதுக்கு ஒண்டு போட்டது. உறுத்தாது." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "என்ட கூரையில முப்பத்திநாலு ஓடு உடைஞ்சிருக்கு. நாளைக்குச் சுபஹுக்கு ஆதம்பாவா காக்காட பாதையில புது ஓட்டோட வராத ஒருத்தனும் இனி என்ட கயித்தில கை வைக்கக் கூடாது."

அவள் போய்விட்டாள். அவளுடைய பத்து மூட்டை மட்டும் வலப்பக்கத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்குவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை.

ஐயா வெள்ளைத் தாளை எடுத்து அறிக்கை எழுதத் தொடங்கினார். இரண்டு வரி போதவில்லை. என் முதுகை மேசையாக்கி நாலு பக்கம் எழுதினார். நான் குனிந்து நின்றபடி சுற்றிலும் பார்த்தேன். துறைமுகத்தில் எல்லாம் இருந்தது. தேயிலை இருந்தது, சீனி இருந்தது, அடுப்பு மூட்டியிருந்தது. தண்ணி வைக்க மட்டும் ஒரு பாத்திரம் இல்லை.